கேள்வி–பதில்: ஆடம்ஸ் வீட்டுக் காகிதங்கள்

அமெரிக்காவின் இரண்டாம் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ், அவர் மனைவி அபிகேல், ஆறாம் ஜனாதிபதியான மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ், பேரன் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஆடம்ஸ் ஆகியோரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. மொத்தம் இரண்டரை லட்சம் பக்கங்களுக்கு மேல். ஒரு குடும்பத்தின் காகிதங்கள் இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தன, இன்று எப்படிப் பேணப்படுகின்றன என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்கள்.

அந்தக் காலத்தில் எத்தனையோ பெரிய குடும்பங்கள் இருந்தன. இவர்களுடைய காகிதம் மட்டும் இவ்வளவு மிஞ்சியது எப்படி? — மதுரை வாசகர்

முதல் காரணம், எரிக்கவில்லை. மற்ற வீடுகளில் அதுதான் நடந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தபின் அவர் மனைவி மார்த்தா, தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை எரித்துவிட்டார். தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மூன்றாம் ஜனாதிபதி ஜெஃபர்சனும் அவர் மனைவியும் எழுதிக்கொண்டதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அபிகேலும் தன் கடிதங்களை எரித்துவிடும்படி கணவருக்கு எழுதியவர்தான். 1776 ஏப்ரலில் ஜான் எழுதிய பதில்: கடிதங்களை எரிக்கச் சொல்கிறாய், அதற்கு முன் நான் உன்னையே மறந்தாக வேண்டும். அந்தப் பதிலால் பிழைத்தவையும் சேர்த்து, இருவருக்கும் இடையே போய்வந்த 1,100-க்கு மேற்பட்ட கடிதங்கள் இன்று இருக்கின்றன.

இரண்டாவது, நகல். 1776 ஜூனில் ஜான் ஆடம்ஸ் பெரிய அளவு வெற்று நோட்டு ஒன்றை வாங்கினார். இத்தனை வருடமாக எழுதிய எதற்கும் நகல் வைக்கவில்லையே என்று வருந்தி, இனி அனுப்பும் கடிதங்களை இதில் எழுதி வைக்கப்போகிறேன் என்று அதன் முதல் பக்கத்திலேயே அபிகேலுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அனுப்பிய கடிதம் அடுத்தவர் வீட்டுக்குப் போய்விடும். நம் வீட்டில் மிஞ்சுவது வந்த கடிதம் மட்டும்தான். பல குடும்பத் தொகுப்புகள் ஒரு பக்கப் பேச்சாகவே நிற்பதற்கு இதுதான் காரணம். நகல் நோட்டு வைத்திருந்ததால் ஆடம்ஸ் தொகுப்பில் கேள்வியும் பதிலும் சேர்ந்தே கிடைக்கின்றன.

மூன்றாவது, கட்டடம். தன் புத்தகங்களும் காகிதங்களும் தங்கத் தீப்பிடிக்காத கட்டடம் ஒன்று கட்ட வேண்டும் என்று ஜான் குவின்சி ஆடம்ஸ் உயிலில் மகனுக்குச் சொல்லிவிட்டுப் போனார். மகன் சார்லஸ் ஃபிரான்சிஸ் 1870-ல் குவின்சி ஊரில் குடும்ப வீட்டை ஒட்டிய தோட்டத்தில் அதைக் கட்டி முடித்தார். கருங்கல் சுவர், ஸ்லேட் கூரை. முக்கியமாக, வீட்டோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. கணப்பும் மெழுகுவர்த்தியும் எரிந்த மரவீடுகளின் காலத்தில் இந்தச் சிறு இடைவெளிதான் பெரிய பாதுகாப்பு.

1902-ல் காகிதங்கள் பாஸ்டனுக்கு, வரலாற்றுக் கழகத்தின் கட்டடத்துக்குப் போயின. 1905-ல் குடும்பத்தார் ஓர் அறக்கட்டளை அமைத்து 50 ஆண்டுக்குத் தங்கள் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆய்வாளர்களுக்கு அது எரிச்சலூட்டியது உண்மை. ஆனால் பங்காளிகளுக்குள் பாகம் பிரியாமலும், ஏலத்தில் ஒவ்வொரு தாளாகச் சிதறாமலும் காத்ததும் அந்தக் கட்டுப்பாடுதான். 1956-ல் முழுவதையும் கழகத்துக்கே கொடையாக எழுதிக் கொடுத்தார்கள்.

பழைய மை காகிதத்தைத் தின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா? நான் வேதியியல் மாணவி. — கோயம்புத்தூர்

உண்மை. இந்தத் தொகுப்பில் கவலைப்பட வேண்டியவற்றில் அதற்குத்தான் முதலிடம்.

அந்த மையின் சரக்கு இரண்டும் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்: மாசிக்காயும் அன்னபேதியும். மாசிக்காய் என்பது ஓக் வகை மரத்தில் சிறு குளவி முட்டையிட்ட இடத்தில் புடைத்து எழும் முண்டு; டானின் நிறைந்தது. அன்னபேதி இரும்பு சல்ஃபேட். மாசிக்காயை இடித்து ஊறவைத்து வடித்த நீரில் அன்னபேதியைக் கலந்து, கெட்டிக்க வேலம்பிசின் சேர்த்தால் மை தயார். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுக்கும். நாரோடு பிடித்துக்கொள்வதால் தண்ணீர் பட்டாலும் எளிதில் போகாது. அதனால்தான் பத்திரங்கள் எழுத எல்லோரும் இதையே நம்பினார்கள்.

கெடுதலும் அதே சேர்க்கையில்தான். வினையில் கந்தக அமிலம் உண்டாகிறது. அது காகித நாரின் மூலப்பொருளான செல்லுலோஸின் சங்கிலியை நீராற்பகுத்து அறுக்கும். மூன்று பங்கு மாசிக்காய்க்கு ஒரு பங்கு அன்னபேதி என்ற அளவு பழைய குறிப்புகளில் உண்டு. ஆனால் கறுப்பு கூடட்டும் என்று அன்னபேதியை அள்ளிப் போட்டவர்கள் அதிகம். டானினோடு சேராமல் மிஞ்சிய இரும்பு (இரண்டு) அயனி ஆக்சிஜனேற்றத்துக்கு வினையூக்கியாக நின்று நாரை இன்னொரு பக்கம் அரிக்கிறது. ஒரே ஆள் ஒரே வருடத்தில் எழுதிய இரண்டு கடிதங்களில் ஒன்று புதிது போலவும் மற்றது சல்லடை போலவும் இருந்தால், மைப்புட்டி வேறு என்று அர்த்தம்.

அரிப்பு படிப்படியாக வரும். முதலில் புற ஊதா விளக்கில் எழுத்தைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். அடுத்து தாளின் பின்புறம் பழுப்பு ஊறும். பிறகு எழுத்தின் நடுவே மயிரிழை விரிசல். கடைசியில் எழுத்தே உதிர்ந்து அதன் வடிவில் ஓட்டை. பேனா அழுந்தும் இடங்களில்தான் மை கனமாக இறங்கும் என்பதால் பெரிய எழுத்துகள், அடிக்கோடு, கையொப்பத்தின் சுழிப்பு ஆகியவைதான் முதலில் விடும்.

சோதிக்க பேத்தோஃபெனாந்த்ரோலின் தோய்த்த காகிதப் பட்டை இருக்கிறது. அதை வடிநீரில் (காய்ச்சி வடித்த தூய நீரில்) லேசாக நனைத்து, மிகுந்த ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, எழுத்தின் மேல் அரை நிமிடம் அழுத்தி எடுக்க வேண்டும். பட்டை ரோஜா நிறமானால் இரும்பு (இரண்டு) அயனி கட்டில்லாமல் திரிகிறது.

சிகிச்சை, 1990-களில் நெதர்லாந்தில் உருவான கால்சியம் ஃபைட்டேட் முறை. தானியங்களின் தவிட்டில் இருக்கும் ஃபைட்டிக் அமிலத்தின் உப்பு அது. திரியும் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். முதலில் ஃபைட்டேட் குளியல் சுமார் 20 நிமிடம். அடுத்து அமிலத்தை முறிக்கக் கால்சியம் பைகார்பனேட் குளியல். உலர்ந்தபின் இழந்த பலத்தைத் திருப்பித்தர ஜெலட்டின் பூச்சு. இந்த வரிசை மாறக்கூடாது. வெறும் தண்ணீரில் அலசினால் அமிலம் கொஞ்சம் போகும். ஆனால் கட்டப்படாத இரும்பு நகர்ந்து மை இல்லாத இடத்துக்கும் பரவி, புதிய இடத்தில் தின்னத் தொடங்கும். விரிசல் விட்ட தாளைத் தண்ணீரில் இறக்கினால் எழுத்தே கழன்றுவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே பெரும்பாலான தாள்களுக்குக் குளியலே கிடையாது. குளிர்ந்த உலர்ந்த அறை, வளைக்காமல் கையாளுதல், அவ்வளவுதான். ஒன்றும் செய்யாமல் விடுவது சோம்பல் போலத் தோன்றும். இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ளக் கடினமான பாடம் அதுதான்.

200 வருடக் காகிதம் பளிச்சென்று இருக்கிறது. என் தாத்தாவின் 1940-களின் செய்தித்தாள் கத்தரிப்பு பொடிப்பொடியாகிறது. ஏன்? — திருச்சி

மூலப்பொருள்தான். ஆடம்ஸ் காலக் காகிதம் லினன், பருத்திக் கந்தலை ஊறவைத்து இடித்துக் கையால் வார்த்தது. நார் நீளம், மரத்தை விறைப்பாக்கும் லிக்னின் என்ற பொருள் கிடையாது. மை ஊறாமல் இருக்க விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சிய ஜெலட்டின் பூசினார்கள். அது தாளுக்கு உறுதியும் கொடுத்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப்பின் மரக்கூழ் வந்தது, கூடவே மை ஊறாமல் தடுக்கப் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும். படிகாரம் ஈரத்தில் அமிலமாகும். செய்தித்தாளின் அரைத்த மரக்கூழில் லிக்னின் அப்படியே இருந்து வெளிச்சத்தில் பழுக்கும். ஆகவே ஒரே குடும்பத் தொகுப்பில் பாட்டனின் கடிதத்தைவிடப் பேரனின் கத்தரிப்புக்குத்தான் அவசரம் அதிகம். கத்தரிப்பைக் கடிதத்தோடு சேர்த்து மடித்து வைத்திருந்தால் அதன் அமிலம் நல்ல தாளுக்கும் ஏறி, செவ்வகமாக ஒரு பழுப்புக் கறை விடும். கத்தரிப்பை நகலெடுத்துக்கொண்டு தனி உறையில் பிரித்து வையுங்கள்.

கையுறை போட்டுத்தானே தொட வேண்டும்? — ஈரோடு

வேண்டாம். பருத்திக் கையுறையில் விரலுக்கு உணர்வு போய்விடும். தாளின் ஓரத்துக் கிழிசலில் நூல் மாட்டி இழுக்கும். சோப்பால் கழுவி நன்றாக உலர்ந்த கை போதும். கிரீம், லோஷன் மட்டும் கூடாது. புகைப்படத்துக்கும் உலோகத்துக்கும் நைட்ரைல் கையுறை போடலாம். படிப்பறையில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில்தான். நோட்டை மேசையில் மலர்த்தி அழுத்தாமல், இருபுறமும் பஞ்சுக் கட்டை அணை கொடுத்து, பக்கம் புரளாமலிருக்கத் துணியில் தைத்த பளுச்சரத்தை ஓரத்தில் வைப்பார்கள்.

முன்பெல்லாம் லேமினேஷன் செய்து பாதுகாத்தார்களே, அதை ஏன் இப்போது குறை சொல்கிறார்கள்? — சேலம், ஓய்வுபெற்ற நூலகர்

ஐயா, நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் பலன் தலைகீழாகிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் உட்படப் பெரிய காப்பகங்களில், நலிந்த தாளின் இருபுறமும் வலைபோன்ற மெல்லிய பட்டைப் பசையால் ஒட்டினார்கள். முதலில் அழகாகத்தான் இருந்தது. பட்டு சில பத்தாண்டில் மக்கி விறைத்தது. பசை ராமபாணப் பூச்சிக்குத் தீனியானது.

1930-களில் வர்ஜீனியாவில் வில்லியம் பாரோ என்பவர் வேறு வழி கண்டார். தாளின் இருபுறமும் செல்லுலோஸ் அசிடேட் படலமும் மெல்லிய திசுத்தாளும் வைத்து, சுமார் 160 டிகிரி செல்சியஸில் சூடேற்றி உருளைகளுக்கு இடையே அழுத்துவது. அமிலத்தை முதலில் முறிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. பல இடங்களில் அந்தப் படியைத் தாண்டி லேமினேஷன் மட்டும் செய்தார்கள். அமிலம் உள்ளேயே அடைபட்டது. அசிடேட் படலமும் காலப்போக்கில் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்குகிறது. இன்று அதை அசிட்டோன் குளியல் பலமுறை கொடுத்துக் கரைத்துப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு தாளுக்கும் பல மணி நேர வேலை.

இந்த அனுபவத்திலிருந்துதான் இன்றைய விதி பிறந்தது: பின்னால் வருபவர் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாத எதையும் செய்யாதே. கடைகளில் செய்யும் பிளாஸ்டிக் லேமினேஷனும் இந்த விதியில் தோற்கிறது. தாள் தெரியும்படி வைக்க வேண்டுமென்றால் பாலியெஸ்டர் உறை இருக்கிறது. தாள் அதனுள் சும்மா இருக்கும், ஒட்டாது.

கிழிசலை எப்படி ஒட்டுகிறார்கள்? மைதாப் பசை ஆகுமா? — நாகர்கோவில்

மைதா ஆகாது. அதிலுள்ள குளூட்டன் விறைக்கும், பழுக்கும், பூச்சியை அழைக்கும். குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச்சைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு நான்கைந்து பங்கு வடிநீர். அரை மணி நேரமாவது ஊறட்டும். பிறகு கஞ்சி காய்ச்சுவதுபோல் சிறுதீயில், அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே அரை மணிக்கு மேல். வெள்ளையாக இருந்தது கண்ணாடிபோல் ஒளிபுகும் பதத்துக்கு வந்தால் வெந்துவிட்டது. முழுவதும் ஆறியபின் மயிர்ச்சல்லடையில் இரண்டு மூன்று முறை தேய்த்து வடித்து, தண்ணீர் விட்டு மோர்ப் பதத்துக்குக் கரைக்க வேண்டும். வேகாத பசை ஒட்டாது. மிகத் தண்ணீரான பசை தாளில் ஊறிக் கறை வளையம் விடும்.

ஒட்டுத்தாள், கோசோ என்னும் மல்பெரி வகை நாரில் செய்த ஜப்பானியத் திசு. சதுர மீட்டருக்கு 5 முதல் 12 கிராம் வரை எடை. கத்தரியால் வெட்டக்கூடாது. நனைத்த தூரிகையால் கோடிட்டுக் கையால் பிய்த்தால் ஓரத்தில் நார் பூனைமயிர்போல் நீண்டு நிற்கும். அந்த நார்தான் பிடிமானம், ஓரமும் கண்ணுக்குத் தெரியாது. பசை தடவி ஒட்டி, மேலும் கீழும் ஒட்டாத பாலியெஸ்டர் துணி, அதன் மேல் உறிஞ்சுதாள், அதன் மேல் பளு. 10 நிமிடத்தில் உறிஞ்சுதாளை மாற்றி, பிறகு இரவு முழுக்க விடலாம். திசு, கிழிந்த தாளைவிட வலுவாக இருக்கக் கூடாது. வலுவாக இருந்தால் அடுத்த கிழிசல் ஒட்டின் ஓரத்திலேயே விழும்.

இவ்வளவும் மையில்லாத ஓரத்துக்கு. மை அரித்த இடத்தில் ஈரப்பசையே ஆகாது, மேலே சொன்ன இரும்பு நகரும். அங்கே ஜெலட்டின் பூசிக் காயவைத்த திசுவை மிகக் குறைந்த ஈரத்தில் இளக்கி ஒட்டுவார்கள். செல்லோடேப் எங்குமே வேண்டாம். சில வருடத்தில் பிளாஸ்டிக் உரிந்துவிடும். பசை மட்டும் நாருக்குள் இறங்கி மஞ்சளாகும். அந்த மஞ்சளை முழுக்க எடுக்கவே முடியாது.

ஆடம்ஸ் கடிதங்களின் அச்சிட்ட தொகுதிகளில் சில கடிதங்களின் நடுவே சொற்கள் விடுபட்டு அடைப்புக்குறி இருக்கிறதே, பூச்சி அரித்ததா? — சென்னை

பெரும்பாலும் பூச்சி இல்லை, முத்திரை. அன்று தனி உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, ஒரு மடிப்பை இன்னொன்றுக்குள் செருகி, சேரும் இடத்தில் அரக்கு உருக்கி விட்டு முத்திரை குத்துவார்கள், வெளிப்புறத்தில் முகவரி. பெற்றவர் ஆவலில் பிரிக்கும்போது அரக்கோடு ஒட்டிய தாள் பிய்ந்துவிடும். ஓட்டை பெரும்பாலும் பக்கத்தின் ஓரத்தில், அரை ரூபாய் நாணய அளவில் இருக்கும். அந்தத் துண்டு சில சமயம் அரக்கின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு, எழுத்தோடு இன்றும் இருக்கும். அதனால்தான் உடைந்த அரக்கைச் சுரண்டி எறியக்கூடாது. துண்டும் தொலைந்திருந்தால் நகல் நோட்டைப் பார்ப்பார்கள். நகலும் அனுப்பிய பிரதியும் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கும் என்று உறுதியில்லை. எழுதும்போதே மனம் மாறித் திருத்தியிருப்பார்கள். வேறுபாடு இருந்தால் பதிப்பாளர் அதைக் குறிப்பிடுகிறார்.

மூலத்தைப் பார்த்து அச்சுக்குப் படிஎடுக்கும்போது எழுத்துப்பிழையைத் திருத்துவதில்லை. அபிகேல் பள்ளிக்கூடம் போனவரல்ல. காதில் கேட்டபடி எழுதுவார். அந்தப் பிழைகளிலிருந்துதான் அவர் எப்படி உச்சரித்தார் என்பதே தெரிகிறது. சரிபார்க்கும்போது ஒருவர் மூலத்தை காற்புள்ளி, பெரிய எழுத்து உட்பட வாய்விட்டு வாசிக்க, மற்றவர் படியோடு ஒப்பிடுவது ஆவணப் பதிப்பில் பழகிய முறை.

இவ்வளவையும் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கினால் தேட எளிதாக இருக்குமே? — புதுச்சேரி

ஒரே கடிதத்தில் போர், பால் கறக்கும் பசு, பிள்ளையின் அம்மைக் காய்ச்சல் மூன்றும் இருக்கும். எந்தக் கட்டில் வைப்பீர்கள்? வைத்தவரின் வரிசையே ஒரு சாட்சி. கலைத்தால் திரும்பக் கட்ட முடியாது. ஆடம்ஸ் தொகுப்பின் மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த சுருள்) நான்கு பகுதி: நாட்குறிப்புகள், நகல் நோட்டுகள், பலவகை, நான்காவதாக வந்த கடிதங்களும் உதிரிக் காகிதங்களும் தேதி வரிசையில். பொருள் தேடுவதற்குத் தனியே அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு சீட்டு: தேதி, எழுதியவர், பெற்றவர், மூலம் இருக்கும் இடம். வேறு காப்பகங்களில் உள்ள ஆடம்ஸ் கடிதங்களுக்கும் சீட்டு உண்டு. காகிதத்தை நகர்த்தாதே, சீட்டை நகர்த்து என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

ஸ்கேன் செய்துவிட்டால் மூலம் தேவையா? — பெங்களூரு, மென்பொருள் துறை

தேவை. நகலும் தேவை. 1954 முதல் 1959 வரை இந்தத் தொகுப்பு முழுவதையும் 35 மி.மீ. மைக்ரோஃபிலிமில் எடுத்தார்கள், 608 ரீல். பெரிய நூலகங்களுக்கு அது போனதால் மூலத்தைப் புரட்டும் கைகள் குறைந்தன, பாஸ்டனில் விபத்து நடந்தாலும் எழுத்து மிஞ்சும் என்ற நிம்மதியும் வந்தது. பொதுவாக மைக்ரோஃபிலிமிலும் ஒரு பொறி இருக்கிறது: அசிடேட் படலம் வெப்பத்தில் சிதைந்து காடி வாசம் அடிக்கும், ஒரு ரீலின் ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும். மூலப் படலத்தைப் பாலியெஸ்டரில், குளிர் அறையில் வைக்க வேண்டும்.

ஸ்கேனுக்கு ஒரு கணக்கு. 8-க்கு 10 அங்குலத் தாளை அங்குலத்துக்கு 400 புள்ளி, 24 பிட் வண்ணத்தில் எடுத்தால் சுருக்காத டிஃப் கோப்பு சுமார் 38 எம்பி. இரண்டரை லட்சம் பக்கத்துக்கு ஏறக்குறைய 9.6 டிபி. இன்றைக்கு அது பெரிய இடமே இல்லை. செலவு வட்டில் இல்லை; ஒவ்வொரு பக்கத்துக்கும் பெயர், தேதி, எழுதியவர் என்று விவரம் பதிவதிலும், வருடாவருடம் காப்பதிலும்தான். வண்ண அட்டையும் அளவுகோலும் படத்தில் இருக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விடுபட்டதா வெற்றா என்று பின்னால் தெரியாது. கோப்பு உருவான நாளிலேயே கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண் எடுத்து வைத்து, குறித்த இடைவெளியில் ஒப்பிடுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில்.

மூலம் சொல்வதை எல்லாம் படம் சொல்லாது. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், தாள் வார்க்கும்போதே பதிந்த நீர்க்குறி தெரியும். தேதியில்லாத கடிதத்தின் காலத்தை அதை வைத்து நெருங்கலாம். மங்கிய மாசிக்காய் மை புற ஊதாவில் கருமையாக எழும். ஜான் ஆடம்ஸின் தொடக்க கால நாட்குறிப்பு, தாள்களை மடித்து நூலால் தைத்த சின்னச் சின்ன நோட்டுகள். எந்தத் தாள் எதனோடு தைக்கப்பட்டது என்பது தட்டையான படத்தில் தெரியாது. ஸ்கேனுக்காகத் தையலைப் பிரிப்பது தவறு.

நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பக்கத்து வீட்டு எஸ்டேட் சேலில் (வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனையில்) 1820-களின் கடிதக் கட்டு ஒன்று வாங்கினேன். மடித்தபடி, சிவப்பு அரக்கோடு, சிலவற்றில் துருப்பிடித்த குண்டூசி. என்ன செய்வது?

பிரிக்கும் முன் கட்டை அப்படியே படமெடுங்கள்: சுற்றிய நாடா, மேலே எழுதிய சீட்டு, அடுக்கிய வரிசை எல்லாம். ஒவ்வொன்றையும் எடுக்கும் வரிசையில் எண்ணிட்டு, எண்ணை உறையில் மட்டும் எழுதுங்கள்.

கந்தல் தாள் என்பதால் பெரும்பாலும் தானே நெகிழும். சுத்தமான உறிஞ்சுதாளின் மேல் வைத்து ஒவ்வொரு மடிப்பாகத் திறங்கள். எதிர்த்தால் நிறுத்திவிடுங்கள். இஸ்திரிப் பெட்டி, நீராவி இரண்டும் வேண்டாம். அரக்கு உருகும், இரும்பு நகரும். திறந்த தாளைச் சுத்தமான இரண்டு உறிஞ்சுதாளுக்கு நடுவே, லேசான பளுவில் ஒரு வாரம் விட்டாலே பாதி மடிப்பு தணியும்.

குண்டூசியை உருவாதீர்கள். துரு நாரோடு ஒட்டியிருக்கும், உருவினால் தாளும் வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, துருவை விடுவித்தபின் தாளை ஊசியிலிருந்து நகர்த்துங்கள். தூசிக்கு மென்மையான தூரிகை, நடுவிலிருந்து ஓரத்துக்கு. ரப்பர் வெற்றிடத்துக்கு மட்டும், எழுத்தின் மேல் ஒருபோதும் இல்லை.

அமிலமற்ற, கால்சியம் கார்பனேட் சேர்த்த ஃபோல்டரில் 10 தாள் வரை போதும். நலிந்த தாளுக்கு இரண்டு பக்கம் மட்டும் ஒட்டிய பாலியெஸ்டர் உறை. பிவிசி உறையைத் தொடவே வேண்டாம், அது ஆவி விட்டு மையைப் பிசுபிசுக்க வைக்கும். பென்சில் எழுத்து இருந்தால் பாலியெஸ்டரின் நிலைமின்சாரம் அதைத் தூக்கும். அதற்குக் காகித உறைதான். அரக்கு இருக்கும் தாளின் மேல் அடுக்கின் பாரம் விழாதபடி, முத்திரை அளவுக்கு ஓட்டை வெட்டிய உறிஞ்சுதாளை மேலே வையுங்கள். பெட்டி நிறைய இருக்கட்டும், திணிக்க வேண்டாம். பாதி காலியாக இருந்தால் தாள்கள் சரிந்து வளையும், இடத்தை அட்டையால் நிரப்புங்கள்.

பரண் கோடையில் கொதிக்கும், பேஸ்மென்ட் ஈரிக்கும். இரண்டும் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டாத, தண்ணீர்க் குழாய் போகாத உள்ளறை அலமாரி நல்லது. 18 முதல் 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். எண்ணைவிட முக்கியம் நிலையாக இருப்பது. ஏறி இறங்கும் ஈரத்தில் தாள் விரிந்து சுருங்கி மையின் விளிம்பில் விரிசல் விடும். சட்டம் போட்டு மாட்ட ஆசையிருந்தால் நல்ல நகலை மாட்டுங்கள். காப்பகங்களே மூலத்தை 50 லக்ஸ் என்னும் மங்கலான ஒளியில் சில மாதம் வைத்துவிட்டு எடுத்துவிடுகின்றன.

அந்துருண்டை போடாதீர்கள். அது மூச்சுக்குக் கேடு, பிளாஸ்டிக்கையும் இளக்கும். பூச்சி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காமல் விடுங்கள். முன்னரே திறந்தால் நீர்த்துளி தாளில் படியும். அரக்கு குளிரில் நொறுங்கலாம் என்பதால் பூச்சியை உறுதி செய்யாமல் இதைச் செய்ய வேண்டாம்.

குழாய் வெடித்துக் கட்டுகள் நனைந்தால்? — சிங்கப்பூர்

இரண்டு மூன்று நாளில் பூஞ்சை தொடங்கிவிடும். கையளவு ஈரத்தாள் என்றால் உறிஞ்சுதாளில் பரப்பி மின்விசிறிக் காற்றை அறையில் ஓடவிடுங்கள். தாளின் மேல் நேராக வீச வேண்டாம், வெயிலும் வேண்டாம். பெரிய குவியல் என்றால் பிரிக்கவே முயலாதீர்கள். ஈரத்தாளுக்கு வலுவில்லை. 5 செ.மீ. கனக் கட்டுகளாக மெழுகுத்தாளில் சுற்றி உறைகுளிரில் வையுங்கள். உறைந்தால் காலம் நின்றுவிடும். பிறகு வெற்றிட உறைஉலர்த்தியில் பனி நீராகாமலே ஆவியாக வெளியேறும், மை ஓடாது. கண்ணாடித் தட்டுப் புகைப்படங்கள் இடையே இருந்தால் அவற்றை மட்டும் உறைய விடாதீர்கள்.

ஆடம்ஸ் காகிதங்களை வீட்டிலிருந்தே படிக்க முடியுமா? — விருதுநகர்

முடியும், இலவசமாக. 2013-ல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் தொடங்கிய 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில், அச்சிட்ட ஆடம்ஸ் தொகுதிகளும் வாஷிங்டன், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின், ஹாமில்டன், மேடிசன் காகிதங்களும் தேடும் வசதியோடு உள்ளன. வரலாற்றுக் கழகத்தின் தளத்தில் ஜான்–அபிகேல் கடிதங்களின் படமும் படியும் இருக்கின்றன. 12 வயதில் 1779-ல் தொடங்கி 1848 வரை ஜான் குவின்சி ஆடம்ஸ் எழுதிய 51 நோட்டு நாட்குறிப்பின் படங்களும் அங்கேயே உண்டு.

அபிகேல் 1776 மார்ச் 31-ல் எழுதிய கடிதத்திலிருந்து தொடங்குங்கள். புதிய சட்டங்கள் எழுதும்போது பெண்களை மறக்காதீர்கள் என்று கணவரிடம் கேட்டது அதில்தான். படியை ஒரு ஜன்னலிலும் படத்தை இன்னொன்றிலும் திறந்து வைத்து முதல் 10 வரியை ஒப்பிட்டு வாசியுங்கள். சொல்லின் நடுவே 'எஃப்' போலத் தெரியும் நீண்ட எழுத்து 'எஸ்' என்று தெரிந்துகொண்டால், அடுத்த பக்கத்தைப் படி இல்லாமலே வாசித்துவிடலாம்.